சீரியல்ல சின்ன ரோல் பண்றவங்க யாரும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுக்காதீங்க

எங்க அப்பா கேரக்டர் ஆர்ட்டிஸ்ட். மதுரை பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல நாரதர் வேஷம் கட்டிட்டு இருந்தவரு, 2004ல சாலிகிராமத்துக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கி, பஞ்சாயத்து தலைவர், ஏட்டு, ஹீரோயினுக்கு பெரியப்பான்னு இத்தனை வருஷம் ஓட்டிட்டாரு. பஸ்ல பாத்தா "இவர டிவில பாத்திருக்கோமே"ம்பாங்க, பேர் தெரியாது. அதுக்கெல்லாம் அவர் வருத்தப்படுற ஆளே இல்ல.

போன வருஷம் ஒரு கோ-ஆர்டினேட்டர் ஒரு சீரியல்ல சேத்துவிட்டாரு. நாளைக்கு 5,000 ரூபா, மொத்தம் 24 நாள் கால்ஷீட், 1,20,000 வரணும், அதுல 10 பர்சென்ட் அவர் கமிஷன். கடைசி நாள் பேக்கப் ஆகி அப்பா மேக்கப் கூட கலைக்கல, அந்த கோ-ஆர்டினேட்டர் கார் பானட் மேல ஒரு ஏ4 பேப்பர வச்சு "வவுச்சருக்குத்தாண்ணே, கீழ ஒரு கையெழுத்து போடுங்க, மேட்டர நான் ஆபீஸ்ல டைப் பண்ணிக்கிறேன்"னு சொல்லிருக்காரு. அண்ணே அண்ணேன்னு கூப்பிடுற பையன்தானேன்னு இவரும் போட்டுட்டாரு.

அப்புறம் ஏழு மாசம். கேக்கும்போதெல்லாம் "கம்பெனியில இன்னும் பேமென்ட் போடலண்ணே, சேனல்லருந்து பணம் வரல". ரொம்ப கேட்டா அடுத்த சீரியல்ல கூப்பிட மாட்டாங்களோன்னு பயம் வேற. மேடையில வள்ளி கூட விடிய விடிய தர்க்கம் பண்ணவரு, உழைச்ச காச கேக்க போனை கையில வச்சுக்கிட்டு யோசிச்சிட்டு உக்காந்திருந்தத பாக்க முடியல எனக்கு.

ஜூலைல அப்பாவுக்கு ஐடி ரிட்டர்ன் போட 26ஏஎஸ் எடுத்தேன், நம்ம பேர்ல யார் எவ்வளவு வரி புடிச்சு கட்டிருக்காங்கன்னு காட்டுற இன்கம்டாக்ஸ் ஸ்டேட்மென்ட் அது. அதுல அந்த கம்பெனி பேர்ல 1,20,000 காட்டி, 12,000 டிடிஎஸ்ஸும் (சம்பளத்துலயே புடிக்கிற வரி) புடிச்சு கட்டிருக்காங்க! கம்பெனி எப்பவோ கணக்கு முடிச்சிருச்சு. நேரா ஆபீஸ்க்கு போனோம், அக்கவுன்டன்ட் தப்பு சொல்ல முடியாத மனுஷன், ஃபைல எடுத்து காட்டினாரு. "என் சம்பளத்தை இவர் கணக்கில் செலுத்தவும்"னு டைப் அடிச்சிருக்கு, கீழ அப்பா கையெழுத்து, ஓரத்துல பேன்கேக் பட்ட அவரு கட்டைவிரல் கறை. மீதி 1,08,000 அப்படியே அந்த கோ-ஆர்டினேட்டர் அக்கவுன்டுக்கு போயிருக்கு.

சங்கத்துல புகார் எழுதிக் குடுத்தோம், ஸ்டேஷன்லயும் குடுத்தோம். இதுவரைக்கும் 40,000 தான் வந்திருக்கு.

இந்த ஃபீல்டுல இருக்கவங்க வீட்டு ஆளுங்க யாராவது இத படிச்சா, இன்னைக்கே இன்கம்டாக்ஸ் சைட்ல லாகின் பண்ணி அவங்க 26ஏஎஸ் பாருங்க. கம்பெனி டிடிஎஸ் ரிட்டர்ன் மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் போடும், அதனால லேட்டா ஏறும், ஆனா ஏறிருந்துச்சுன்னா பேமென்ட் போட்டாச்சு இல்ல கணக்குல எழுதியாச்சுன்னு அர்த்தம், அத வச்சு நேரா கம்பெனியிலயே கேளுங்க. கமிட் ஆகும்போதே உங்க பேங்க் டீடெய்ல்ஸ புரொடக்‌ஷன் மேனேஜர் கையில நீங்களே குடுங்க. கமிஷன சம்பளம் வந்தப்புறம் நீங்க அனுப்புங்க. டப்பிங் இருக்க படம்னா பாக்கிய வாங்கிட்டு மைக் முன்னாடி நில்லுங்க, பேசி முடிச்சிட்டா அப்புறம் நம்ம போனையே எடுக்க மாட்டாங்க.

அந்தாளு நம்பர மாத்திட்டு இப்ப புது சீரியலுக்கு மதுரை, திண்டுக்கல் பக்கம் நாடக ஆர்ட்டிஸ்ட்ங்கள கூப்பிட்டுட்டு இருக்கறதா கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்துலருந்து யாருக்காவது கால் வந்திருந்தா இன்பாக்ஸ் வாங்க, பேர் சொல்றேன்.