தரைக்கடியில முரானியாவா, தென்னாப்பிரிக்காவா?

அமெரிக்கப் பாடகர், நடிகர் ஜீன் ஆட்ரியோட பாட்டு பாடுற கவ்பாய் படங்கள்ல வழக்கமான புழுதிக்காட்ட விட்டு தள்ளிப்போன ரெண்ட எடுத்துக்குவோம், 1935ல வந்த 'தி ஃபேண்டம் எம்பயர்', 1937ல வந்த 'ரவுண்ட்-அப் டைம் இன் டெக்சாஸ்'.

முதல் படம் 12 பாகம் ஓடுற சீரியல். அவரு பண்ணைக்குக் கீழ, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல முரானியான்னு ஒரு நகரம், ராணி டிகா ஆளுறாங்க, தகரத்த வளைச்சு செஞ்ச மாதிரி ரோபோக்கள் வேலை பாக்குது, இவரு அங்க மாட்டிக்கிட்டு உயிருக்குப் போராடினாலும் மதியம் 2 மணிக்கு தரைக்கு ஏறி வந்து ரேடியோல பாடியே ஆகணும், இல்லன்னா பண்ணையே கைய விட்டுப் போயிரும். இந்த 2 மணி படபடப்புதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பாட்ட கதைக்குள்ள இவ்ளோ அழகா கோத்திருக்காங்க!

ரெண்டாவதுல பேருதான் டெக்சாஸ், கதை பெரும்பாலும் தென்னாப்பிரிக்கால, கூடப்பிறந்தவருக்கு குதிரைங்கள கொண்டுபோறாரு, அப்புறம் வைரச் சுரங்க சிக்கல். பாட்டு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஊரு மக்கள காட்டுன விதம் மனச ரொம்ப உறுத்துது, குழந்தைங்களோட உக்காந்து பாக்க முடியல.

நான் முரானியா பக்கம்தான், ஒரு நாளைக்கு ஒரு பாகம்னு பாருங்க.