நாலு வருஷம், ஒரு கேரவன், 190 லிட்டர் தண்ணீர்

2021 கடைசியில், ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் வைத்திருந்த, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற 19 அடி கேரவன் ஒன்றை வாங்கினேன். பெர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்ற முதல் மாதம் முழுக்க, வருகிற போகிற தமிழர்கள் எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதுக்குள்ளயா சமைப்பீங்க?" சமைத்தோம். நாலு வருஷமாகச் சமைக்கிறோம். 28,000 கி.மீ. இழுத்தாயிற்று. தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறைய உண்டு, அதில் பாதி என்னுடையது.

இங்கே எழுதுவது பெரும்பாலும் 2025 ஆகஸ்டில் போன 19 நாள் பயணத்தைப் பற்றி. நான், என்னோடு கல்லூரியில் படித்த திருநெல்வேலிக்காரன், பெர்த்தில் பழக்கமான யாழ்ப்பாணத்து நண்பன், மூன்று பேர். மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையோரமாக வடக்கே எக்ஸ்மௌத் வரை. நேராகப் போனால் சுமார் 1,250 கி.மீ., இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரே நாள். நாங்கள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம்.

முதலில் எடை. கேரவன் வாங்குகிறவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள், அடுப்பைப் பார்ப்பார்கள், கதவோரம் ஒட்டியிருக்கிற எடைத் தகட்டைப் பார்க்க மாட்டார்கள். என் வண்டி வெறுமையாக 2,180 கிலோ. ஏற்றிய பிறகு 2,700 தாண்டக் கூடாது. 520 கிலோ தாராளம் என்று நினைத்தேன். ஆனால் 95 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினாலே 190 கிலோ போயிற்று. கேஸ், கூடுதல் பேட்டரி, நாற்காலிகள், மீன்பிடிச் சாமான் என்று ஒவ்வொன்றாகத் தின்னும். கிளம்புவதற்கு முந்தின நாள் எடைமேடையில் ஏற்றினால் 2,790. இழுக்கிற பிராடோவுக்கு 3,000 வரை அனுமதி இருப்பதால் காருக்குப் பிரச்சினையில்லை, கேரவனின் அச்சுக்கும் டயருக்கும்தான் பிரச்சினை. இறக்கிப் பார்த்தோம்: 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை, டேபிள்டாப் கிரைண்டர், இரும்புத் தோசைக்கல் இரண்டு, யாழ்ப்பாணத்தான் கொண்டுவந்த ஒரு பெட்டி தேங்காய். கிரைண்டரும் தேங்காயும் கட்டிலுக்குப் பின்னால் கடைசி அலமாரியில் இருந்தன. பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலாட்டும். 2022-இல் 95 கி.மீ. வேகத்தில் அது எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி நிறுத்தினேன். அன்றைக்கு வேர்த்த வேர்வை இன்னும் காயவில்லை. கனமானதெல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு. கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவுதான் சாஸ்திரம். கிரைண்டர் வீட்டிலேயே தங்கியது, அரிசி அஞ்சு கிலோவானது. தேங்காயில் பாதி வந்தது, அதற்கு மேல் அவன் இறங்கி வரவில்லை.

நாங்கள் போனபோது, கேரவன் இழுத்தால் இந்த மாநிலத்தில் 100-தான் உச்ச வேகம். நான் 90-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிற ரோட் டிரெய்ன்கள் (பல டிரெய்லர்களைச் சேர்த்து இழுக்கிற லாரிகள்), வடக்கே போகப்போக 50 மீட்டருக்கும் மேல் நீளுகிறவை, நம்மைக் கடந்துதான் போகும். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் 40-ஆம் சேனலைத் திறந்து வைத்திருந்தால் ஓட்டுநர் சொல்லிவிட்டு ஏறுவார். அப்போது மரியாதை காட்டுகிறேன் என்று பிரேக் போடக் கூடாது. அதே வேகத்தில், அதே கோட்டில் போய்க்கொண்டிருக்க வேண்டும். காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். பொழுது சாய்ந்தால் கங்காரு. நாலு மணிக்கு மேல் நாங்கள் ஓட்டியதே இல்லை.

ஷார்க் பேயில் மூன்று நாள் இருந்தோம். டென்ஹாமுக்கு 45 கி.மீ. முன்னால் ஷெல் பீச். மணலே கிடையாது, முழுக்க விரல்நகம் அளவு வெள்ளை மட்டிச் சிப்பிகள், ஏழு முதல் பத்து மீட்டர் ஆழத்துக்கு. அந்தக் குடாவில் உப்பு அதிகம் என்பதால் மட்டியைத் தின்கிற பிராணிகள் வாழ முடியாது, மட்டி மட்டும் பெருகியது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் உடைந்த பொரியில் நடக்கிற மாதிரி சத்தம். திருநெல்வேலிக்காரன் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "எலே, நம்மூரா இருந்தா எப்பவோ சூளையில போட்டுச் சுண்ணாம்பா ஆக்கிருப்பாங்க" என்றான். இங்கேயும் சும்மா விடவில்லை. மழையில் கரைந்து இறுகிய சிப்பிப் பாறையைச் செங்கல்லாக வெட்டி டென்ஹாமில் கட்டடம் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் குடாவில் சுமார் 10,000 கடல்பசுக்கள் இருப்பதாகக் கணக்கு. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற அதே பிராணி. அதற்காகத் தமிழ்நாடு 2022-இல் தனிக் காப்பகமே அறிவித்தது. ஈகிள் பிளஃப் மேட்டில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். கறுப்பாக ஒன்று மெதுவாகப் போனது. யாழ்ப்பாணத்தான் ஆவுளியா என்றான், மற்றவன் பாசி என்றான். 19 நாளும் அந்த வழக்கு முடியவில்லை.

இப்போது சமையல். வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கிற அடுப்பு இருக்கிறது, அதை வைத்துத்தான் இந்த வண்டியை நான் மன்னிக்கிறேன். உள்ளே ஒருமுறை கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும், திரைச்சீலையில் பெருங்காயம் ஒரு வாரம் இருக்கும். மின்சாரம் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், தேவையில்லை. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, கூரையில் 400 வாட் சோலார். மிக்ஸியில் அஞ்சு நிமிஷம் சட்னி அரைத்தால் அஞ்சு ஆம்பியர்-அவர்தான் போகும். மதியம் இரண்டு மணிக்குள் பேட்டரி நிறைந்துவிடும். பழைய கேஸ் பிரிட்ஜை மட்டும் முதல் கோடையிலேயே தூக்கிவிட்டேன். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே அதற்குக் கோபம் வரும், 38 டிகிரி வெயிலில் பால் திரிந்தது. இப்போது 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ். ஒரு குறையும் இல்லை. மாவு பொங்கி வழிந்தது தவிர, அது பிரிட்ஜின் தப்பு இல்லை.

தண்ணீர்தான் விஷயம். இந்த வண்டியை வடிவமைத்தவர் கையால் சாப்பிடுகிறவர் இல்லை. இரண்டு பேர், ஸ்டீக், தட்டைத் துடைக்க ஒரு காகிதம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாம் அரிசி மூன்று தண்ணி கழுவுவோம், பருப்பு கழுவுவோம், கை கழுவுவோம், சாம்பார்ச் சட்டியைக் கழுவுவோம், பிறகு சிங்க்கைக் கழுவுவோம். முதல் நாள் குளிக்காமலே 70 லிட்டர் தீர்ந்தது.

"தண்ணியைப் பாத்துப் பாவி மச்சான்" என்றான் யாழ்ப்பாணத்தான். திருநெல்வேலிக்காரன் தட்டோடு திரும்பி, "யாரலே பாவிங்க?" என்று எகிறினான். பாவிப்பது என்றால் அவர்கள் பேச்சில் பயன்படுத்துவது என்று விளக்கி முடிக்கும்வரை குழாய் திறந்தேதான் இருந்தது.

கார்னார்வனுக்கு அப்பால் சுமார் 75 கி.மீ. தூரத்தில் குவோபா. பாறையிடுக்கில் அலை புகுந்து 20 மீட்டர் வரை பீச்சியடிக்கிற இடம். "ராட்சத அலை கொல்லும்" என்று பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள். பக்கத்து முகாமில் தண்ணீர் கிடையாது, கழிப்பறையும் நம் வண்டியில் இருக்க வேண்டும். அங்கே தங்கிவிட்டு, அடுத்த நாள் என் ஆசைக்காக மண்பாதையில் கொஞ்சம் வடக்கே போனோம். சலவைப் பலகை மாதிரி வரிவரியான பாதை. டயர் காற்றை 28 psi-க்கு இறக்கினேன். ஆனால் அடியில் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தகடு அடித்திருக்க வேண்டும் என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியும், அடிக்கவில்லை. திரும்பி வந்து கெட்டிலை நீட்டினால் குழாய் இருமியது. கல்பட்டு வடிகால் திருகு உடைந்து, முன்தொட்டி முழுக்கக் காலி. குனிந்து பார்த்தால் செம்மண்ணில் ஈரக்கோடு ஒன்று பாதை வரைக்கும் போயிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான், நீதான் கூடப் பாவிச்சது" என்றான் யாழ்ப்பாணத்தான். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்து அடங்கவில்லை.

அன்று இரவே ஆனிங்கும் போயிற்று. பக்கவாட்டில் விரிகிற அந்தத் துணிக்கூரையைத் தூங்கப் போகும்போது சுருட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சுருட்டவில்லை. இரண்டு மணிக்குத் தென்காற்று எழுந்து ஒரு கையை வளைத்துவிட்டது. பழுதுபார்க்க ஆன செலவில் ஊருக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்திருக்கலாம்.

கார்னார்வனுக்குத் திரும்பி, புதுத் திருகு, தகடு, தோட்டத்து வாசலில் வைத்திருந்த வாழைப்பழம் (காசை உண்டியலில் போட்டுவிட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்) எல்லாம் முடித்து, கோரல் பே வழியாகக் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஆஸ்ப்ரே பேயில் அஞ்சு இரவு. 180 நாளுக்கு முன் பதிவு திறக்கும், உடனே பிடித்தால்தான் உண்டு. முகாமில் குடிநீர் கிடையாது. மூன்று பேருக்கு 190 லிட்டர், அஞ்சு நாள்.

இங்கேதான் சண்டை. குக்கரில் அளந்து வைக்கலாம் என்றேன். "வடிச்சாத்தான் சோறு" என்றான் திருநெல்வேலிக்காரன். தண்ணீர் வீண் என்றோம். வடித்த கஞ்சியில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் நீட்டினான். "இத குடிச்சா அதுவும் தண்ணிக் கணக்குத்தானல?" யோசித்தால் சரிதான். டர்க்குவாய்ஸ் பேயில் நீரோட்டத்தோடு பவளத்தின் மேல் மிதந்துவிட்டு, மணல்திட்டு வருமுன் கரையேறி (தவறவிட்டால் ஓட்டம் வெளிக்கடலுக்கு இழுக்கும்), உப்பு வாயோடு வந்து நிற்கும்போது அந்தக் கஞ்சிக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். பாத்திரம் முதலில் கடல்நீரில், கடைசியாக ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர். குளியல் ஆளுக்கு மூன்று லிட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பவளத்திட்டுக்கு அப்பால் திமிங்கிலம் மூச்சு விடுவது தெரியும். வேறு வேலை இல்லை. அஞ்சாம் நாள் காலையில் மீதி 22 லிட்டர்.

டீசல் கணக்கு கேட்பவர்களுக்கு: காருக்கு மட்டும் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் போகிற வண்டி, கேரவனோடு 18. எதிர்காற்றில் 21 வரை போயிற்று. இரட்டை டாங்கில் 150 லிட்டர் பிடிப்பதால் விலை கூடுதலான ரோட்ஹவுஸ்களை (நெடுஞ்சாலையோர டீசல் நிலையங்களை) பெரும்பாலும் தவிர்க்க முடிந்தது. கழிப்பறைக் கேசட்டை (கழிவு சேருகிற பெட்டியை) யார் காலி செய்வது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

குழந்தைகளோடு பள்ளி விடுமுறைக்கு மட்டும் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வருஷத்தில் 300 நாள் இது வாசலில் நின்று இன்சூரன்ஸ் தின்கிறது. இருந்தும் விற்க மனசில்லை. இந்த மாதம் மூன்றாவதாக ஒரு 60 லிட்டர் தொட்டி போடலாமா என்று குழுவில் கேட்டேன். 60 கிலோ எங்கிருந்து குறைப்பது என்று கேள்வி வந்தது. "தேங்காய்" என்று இருவர் எழுதினோம். மூன்றாமவன் இன்னும் பதில் போடவில்லை.