அணுகல்தன்மை அறிக்கை: டபிள்யூ3சி கருவியா, பிரிட்டன் மாதிரியா?

ஒரு சின்னத் தமிழ்ப் பதிப்பகத்தின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு அணுகல்தன்மை அறிக்கை (மாற்றுத்திறனாளிகள் தளத்தில் எதைப் பயன்படுத்த முடியும், எது முடியாது என்று சொல்லும் பக்கம்) எழுத உட்கார்ந்தபோது நான்கு வழிகள் தெரிந்தன: நம் அரசுத் தளங்களின் பாணி, தளத்தில் ஒட்டும் பிளக்இன் தானாகத் தரும் பக்கம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவசக் கருவி, பிரிட்டன் அரசு தன் பொதுத்துறைத் தளங்களுக்காக வெளியிட்டிருக்கும் மாதிரி. கடைசியைத்தான் எடுத்தேன். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் அரசுத் தளங்கள் பலவற்றில் என்விடிஏ, ஜாஸ் என்று ஸ்கிரீன் ரீடர்களின் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள்கள்) பட்டியலும் அவற்றுக்கான இணைப்புகளும் இருக்கும். ஸ்கிரீன் ரீடரில் அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது எதற்கு? 2017இலேயே நிறுத்தப்பட்ட விண்டோ-ஐஸ்கூட இன்னும் சில பட்டியல்களில் தொங்குகிறது. பிளக்இன் கதை வேறு. சில வரி நிரலை ஒட்டினால் போதும், தளம் தரத்துக்கு வந்துவிட்டது என்று அறிக்கையே வந்துவிடும். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2025இல் ஆக்ஸஸிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது இந்த மாதிரி வாக்குறுதிக்காகத்தான். எந்தத் தளத்தையும் தன் ஏஐ கருவி டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மைத் தரத்துக்குக் கொண்டுவரும் என்று அது விளம்பரம் செய்திருந்தது.

டபிள்யூ3சி கருவி நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. படிவத்தை நிரப்பினால் அறிக்கை தயார். நாம் மறந்துவிடக்கூடியதையெல்லாம் கேட்கிறது: எந்த உலாவியில் வேலை செய்கிறது, யார் சோதித்தார்கள், யாரிடம் புகார் சொல்வது. ‘இன்னும் மதிப்பிடவில்லை’ என்று சொல்லிக்கொள்ளவும் இடம் தருகிறது. ஆனால் வெளிவரும் அறிக்கை நிறுவனத்தின் உறுதிமொழியோடு தொடங்குகிறது. எது வேலை செய்யாது என்பது கீழே வெகுதூரம் தள்ளி வருகிறது. வாசகர் தேடி வருவது அதைத்தானே?

பிரிட்டன் மாதிரியில் அது மேலேயே இருக்கிறது. 2018இல் வந்த விதிமுறைகளின்படி அங்கே பொதுத்துறைத் தளங்களுக்கு இந்த அறிக்கை கட்டாயம். முதலில் நீங்கள் என்னென்ன செய்ய முடியும் (400 சதவீதம் வரை பெரிதாக்கலாம், கீபோர்டு மட்டும் வைத்தே சுற்றி வரலாம்), அடுத்து எதெல்லாம் முடியாது, பிறகு யாரைத் தொடர்புகொள்வது. தொழில்நுட்ப விவரம் அதற்கப்புறம்தான். சட்ட அமலாக்கம் பற்றிய பகுதி நமக்குப் பொருந்தாது, வெட்டிவிட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அறிக்கை எழுதுவது ஒரு மாலை வேலை. அது உண்மையாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பாடு. தளம் வாராவாரம் மாறுகிறது. புது நூல் ஏறும், மேலட்டைப் படத்துக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் வரி) போட யாராவது மறப்பார்கள். கருவி தருவது அன்றைய நிலை. திருத்த வேண்டுமென்றால் திரும்பப் படிவத்துக்கோ ஹெச்டிஎம்எல்லுக்கோ போக வேண்டும், அதுவும் என் வேலையாகிவிடும். மாதிரியைப் பார்த்துத் தமிழில் எழுதிய பக்கமோ தளத்தின் மற்ற பக்கங்களைப் போலத்தான். நூல் ஏற்றுபவரே ஒரு வரியைச் சேர்க்கலாம், நீக்கலாம்.

எங்கள் குறைப் பட்டியலில் இருப்பவை எந்தக் கருவியும் கேட்காதவை. நூல்களிலிருந்து மாதிரிக்காகத் தரும் பழைய அத்தியாயங்கள் சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள். கண்ணுக்குத் தமிழ், ஸ்கிரீன் ரீடருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். சில வெறும் ஸ்கேன் படங்கள், அவற்றில் வாசிக்க எழுத்தே இல்லை. மொழி தமிழ் என்று குறிக்காத பக்கங்களும் உண்டு (டபிள்யூசிஏஜி 3.1.1), அங்கே ஆங்கிலக் குரல் தமிழோடு மல்லுக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம்: என்ன குறை, அதற்குப் பதில் என்ன தருகிறோம், எப்போது சரிசெய்ய எண்ணம். சரிசெய்ததும் வரி போய்விடும். கடைசியாகச் சோதித்த தேதி பக்கத்திலேயே இருப்பதால் அது பழசானால் எல்லோருக்கும் தெரியும். அந்த வெட்கமே வேலை வாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுதாகத் திரும்பப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

செயலிக்கு நான் இதுவரை அறிக்கை எழுதியதில்லை, எனவே அங்கேயும் இதுவே சிறந்தது என்று சொல்ல மாட்டேன். பல துறைகள் சேர்ந்து நடத்தும் பெரிய தளமென்றால், ஒரே அமைப்பில் அறிக்கைகள் வருவதற்காக டபிள்யூ3சி கருவி கைகொடுக்கலாம்.

எதை எடுத்தாலும் தொடர்புப் பகுதியை மட்டும் படிவத்தோடு விட்டுவிடாதீர்கள். படத்தில் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்ட்சா அதில் இருந்தால், குறையைச் சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார். மின்னஞ்சலும், ஆள் எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் எழுத்திலேயே இருக்கட்டும்.