கிளிசரினா, சர்க்கரைப் பாகா: சோப்பு முட்டைக்கு எது தோது?

மகளின் பிறந்தநாளுக்குச் சோப்பு முட்டை ஊதுவது என்று முடிவானதும் நான் கலக்க உட்கார்ந்தேன். கடை பாட்டிலைப் பற்றிப் பேச அதிகமில்லை. திறந்தால் ஊதலாம், பத்தாவது நிமிடம் யாராவது கவிழ்த்துவிடுவார்கள். போட்டி வீட்டுக் கரைசல்கள் இரண்டுக்குள்தான். 6 கப் தண்ணீர், 1 கப் பாத்திரம் கழுவும் லிக்விட், இது இரண்டுக்கும் பொது. அதோடு ஒன்றில் 1 மேசைக்கரண்டி கிளிசரின், இன்னொன்றில் கால் கப் சர்க்கரைப் பாகு. இரண்டையும் ஊதிப் பார்த்தேன். என் ஓட்டு கிளிசரினுக்கு.

அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. குமிழியின் தோலில் இருக்கும் தண்ணீர் ஒருபக்கம் கீழே வடிகிறது, இன்னொரு பக்கம் ஆவியாகிறது, அதனால்தான் உடைகிறது. பாகு வடிவதை மந்தமாக்கும். கிளிசரின் அதையும் செய்து, ஈரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நனைத்த தட்டின் மேல் ஸ்ட்ராவால் ஓர் அரைக்குமிழி ஊதிவிட்டுக் குனிந்து பாருங்கள். பச்சையும் ரோஸுமாகச் சுழலும் பட்டைகள் மெல்லக் கீழே இறங்கும். உச்சியில் நிறமே இல்லாத கறுப்புத் திட்டு ஒன்று விழும். அந்த இடத்தில் தோல் அவ்வளவு மெலிந்துவிட்டது. 1704-இல் வந்த தன் ஒளியியல் நூலிலேயே நியூட்டன் இந்தத் திட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். திட்டு பரவும், அப்புறம் டப்.

கிளிசரினுக்குப் பழைய சிபாரிசும் உண்டு. பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ சோப்போடு கிளிசரின் கலந்துதான் தன் படலங்களை நெடுநேரம் நிற்கவைத்தார். 1873-இல் அதையெல்லாம் நூலாக்கினார். அதற்குப் பல வருடம் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. மற்றவர்கள் செய்து பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் யோசித்தார்.

ஆனால் நான் கிளிசரின் பக்கம் சாய்ந்தது இதனாலெல்லாம் இல்லை, மறுநாள் காலையால். பாகு முட்டைகள் உடைந்த இடமெல்லாம் தரை பிசுபிசுத்தது. நடந்தால் செருப்பு 'பிசுக் பிசுக்' என்று ஒட்டிப் பிரிந்தது. நாற்காலிக் கால் வரை எறும்பு வரிசை. இரண்டு தடவை துடைத்தும் பிள்ளைகளின் முழங்கையில் ஒட்டியது போகவில்லை. மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் புளித்த வாடை, மேலே ஆடை மாதிரி ஏதோ மிதந்தது. சாக்கடைக்குத்தான் போனது. கிளிசரின் பாட்டிலோ இரண்டு வாரம் கழித்தும் ஊதியது. சொல்லப்போனால், கலந்தவுடன் ஊதியதைவிட ஓர் இரவு மூடி வைத்தபின்தான் நன்றாக வந்தது. மேலே நின்ற நுரை அடங்கியிருந்தது. நுரை இருந்தால் வளையத்தில் படலம் ஒழுங்காகப் பிடிக்காது, அதனால் கலக்கும்போதே கரண்டியை மெதுவாக விடுங்கள்.

கிளிசரினிலும் குறை இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம்' என்று கூட ஊற்றினேன். குமிழி கனத்து, அடியில் சொட்டு தொங்க, நேரே தரைக்குப் போனது. தரை வழுக்குவது இரண்டிலும் ஒன்றுதான், சோப்பு அப்படி. வறண்ட நண்பகல் வெயிலிலும் இரண்டும் ஒரேபோலச் சொதப்பின. மழை விட்ட சாயங்காலம் ஊதினால் தானாகவே நிற்கிறது.

இரண்டு குச்சிக்கு நடுவே கயிறு கட்டி இழுக்கும் ராட்சசக் குமிழிக்கு ஒரே தடவைதான் முயன்றேன். அன்று காற்று அதிகம், எல்லாம் கிழிந்தது. அதை வைத்து எதற்கும் மதிப்பெண் போட மாட்டேன்.

வீட்டில் கிளிசரின் இல்லை, பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றால் பாகே போதும். அரை அளவு மட்டும் கலந்து, வாசலுக்கு வெளியே ஊதவிட்டு, மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.