பிஎல்டிசி ஃபேன்: கரண்ட் மிச்சம்தான், ரிமோட் எங்கே?

சீலிங் ஃபேனுக்கு ரிமோட் வேண்டும் என்று இந்த ஊரில் யார் கேட்டார்கள்? டிவிக்கு சரி, ஏசிக்கு சரி. கதவுப் பக்கத்துச் சுவரில், தூக்கக் கலக்கத்திலும் கை தானாகப் போகிற இடத்தில் ஒரு ரெகுலேட்டர் இருந்தது. திருகினால் கூடும், திருகினால் குறையும். இப்போது கரண்ட் மிச்சம் பிடிக்கிற பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார், அதை ஓட்ட உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு) என்று வந்து, அந்த ரெகுலேட்டருக்கு வேலையில்லாமல் செய்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் கொடுத்து, இனி எல்லாம் இதுதான் என்கிறார்கள்.

ஹால் ஃபேனின் போர்டு போய், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் 900 ரூபாய் அழுதுவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும். மேடவாக்கத்தில் புதுவீடு போன சித்தி பையன் வேறு, “அக்கா, ஆன்லைன்ல விலை இறங்கியிருக்கு, நாலு வாங்கிடவா?” என்று கேட்டிருக்கிறான். அவனுக்கும் சேர்த்தே இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்யலாம் என்றால் எல்லாரும் மஞ்சப்பை, ஸ்டீல் பாட்டில் என்றுதான் ஆரம்பிக்கிறோம். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஆனால் சென்னையில் மார்கழியில் சில ராத்திரி தவிர வருஷம் முழுக்க ஓடுகிற சாமான் ஒன்று தலைக்கு மேலேயே சுற்றுகிறது. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 30 வாட் சுமாருக்கு அதே காற்றைக் கொடுக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 43 யூனிட் குறையும். மூன்று ஃபேன் என்றால் 130.

இந்த 130 எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே சிலாப் சிலாப்பாக ஏறும். 500-ஐத் தாண்டினால், இலவச 100-க்கு அடுத்த யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய், மேலே போகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். ஏசி இருக்கிற எங்கள் வீடு ஏப்ரல், மே ரீடிங்கில் 600-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். இப்போது 500-க்குள் அடங்குகிறது. சாதா ஃபேனைவிட ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்துச் சொச்சம் கூடக் கொடுத்தேன். அந்தப் பணம் எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி அத்திப்பட்டு புதுநகர் வரைக்கும் போய்ப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ரயிலிலிருந்தே தெரியும். ஒடிசா நிலக்கரி கப்பலில் வந்து இறங்கி, எரிந்து, சாம்பல் தண்ணீரோடு குழாயில் செப்பாக்கம் குட்டைக்குப் போகிறது. குழாய் ஒழுகி கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் மூன்று ஃபேன் மாற்றியதால் ஆறு சுத்தமாகிவிடாது, தெரியும். ஆனால் பெரம்பூரில் உட்கார்ந்து ஃபேன் போடுகிறவருக்கு அந்தச் சாம்பல் வெளியூர் சமாசாரம் இல்லை.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, பழைய இன்வெர்ட்டர்தான், பழைய பேட்டரிதான். முன்னாலெல்லாம் மூன்று ஃபேனும் ஓடினால் நடுராத்திரிக்குள் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். அன்றைக்கு விடிய விடிய ஓடி, மறுநாளும் தாங்கியது. தெருவில் தண்ணீர் நின்று கொசு மொய்க்கிற ஊரில் அந்தக் காற்றின் அருமை பட்டவர்களுக்குத் தெரியும். லோ வோல்டேஜிலும் வேகம் குறையாது. சத்தம் இல்லை. தூசி துடைக்க ஏறும்போது மோட்டார் மண்டையைத் தொட்டுப் பாருங்கள். பழையது கையைச் சுடும், இது வெதுவெதுப்போடு சரி. வீணாகிற கரண்ட் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

போதும் புகழ்ந்தது. ரிமோட்டுக்கு வருகிறேன்.

ஹாலில் இரண்டு ஃபேன், ஒரே கம்பெனி, ஒரே மாடல். எந்த ரிமோட்டை அழுத்தினாலும் இரண்டும் கேட்கும், ஒன்றைக் குறைத்தால் இரண்டும் குறையும். சோபாவில் உட்கார்ந்தவருக்குக் குளிர்கிறது, சாப்பாட்டு மேஜையில் இருப்பவருக்கு வேர்க்கிறது. இருவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமானால், சுவர் ஸ்விட்சில் ஒன்றை அணைத்து, ரிமோட்டில் மற்றதைக் குறைத்து, பிறகு அணைத்ததை மறுபடி போட வேண்டும். இது ஃபேன் போடுகிற வேலையா, ஆபீஸ் வேலையா?

ராத்திரிக் கூத்து தனி. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தப் பட்டன்கள் தெரியாது. வேகத்தைக் குறைக்கிறேன் என்று டைமரை அழுத்திவிடுவார். மே மாதத்து இரண்டு மணிக்கு ஃபேன் சத்தமில்லாமல் நின்றுபோகும். பழைய ஃபேனாவது கடகடத்து நிற்கும், உடனே விழிப்பு வரும். இது நின்றதே தெரியாது. தலையணை நனைந்த பிறகு எழுந்து, ரிமோட் எங்கே, தலையணைக்குக் கீழேயா, மெத்தை இடுக்கிலா, பூஜை அலமாரியிலா (ஒருமுறை அங்கேதான் இருந்தது, யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது) என்று வீடே லைட் போட்டுத் தேடும். சுவரில் ரெகுலேட்டர் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை முழுசாகத் திருப்பி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் உத்தரவு. சில மாடலில் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறும். என்னுடையதில் அந்த வசதியும் இல்லை. போதாக்குறைக்கு அடியில் நீலமாக ஒரு எல்இடி, ராத்திரி முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டு. அதன்மேல் கருப்பு டேப் ஒட்டியாயிற்று.

சரி, ரிமோட் எரிச்சல்தானே, பழகிவிடும் என்று விட்டிருப்பேன். போர்டு போனதுதான் தாங்கவில்லை. போன ஐப்பசி மழையில் இடி, கரண்ட் கட், திரும்ப வந்தபோது ஹால் ஃபேன் வரவில்லை. வாரண்டி அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முடிந்திருந்தது. சர்வீஸ் ஆள் வந்து, “போர்டு போச்சும்மா, மாத்தணும், ஸ்டாக் இல்ல” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே கழற்றிப் பார்த்தால் உள்ளங்கை அளவு போர்டு, மேலே கெட்டியாகப் பசை ஊற்றி மூடியிருக்கிறது. ஈரம் போகாமல் இருக்கத்தானாம். ஆனால் அதில் ஒரு சின்ன சாமான் கருகினாலும் யாரும் பற்றவைத்துத் தர முடியாது. காயில் நன்றாக இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது, இறக்கையில் கீறல்கூட இல்லை. மொத்த ஃபேனும் குப்பை, அந்த உள்ளங்கைப் போர்டுக்காக.

அப்பா வாங்கிய பழைய ஃபேன் ஒன்று இன்னும் சமையலறைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வேகம் குறைந்தால் கண்டன்சர் மாற்றுவோம், டீ செலவு. பேரிங் கத்தினால் தெருமுனை ரீவைண்டிங் கடை. கரண்ட்டைத் தின்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக இதுவரை எதையும் தூக்கி எறிந்ததில்லை. பசுமை ஃபேன் என்று பெட்டிமேல் இலை படம் போட்டு விற்பதில் போர்டு தனியாகக் கிடைக்காது என்றால், அந்த இலை எதற்கு? 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். எவ்வளவு கரண்ட் தின்னும் என்று அதில் இருக்கிறது. ரிப்பேர் செய்ய முடியுமா என்பதற்கும் ஒரு ஸ்டார் போட்டால் என்ன?

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடைக்காரர் வேறு கம்பெனி போர்டைப் பொருத்தி ஓட வைத்தார். கூடவே புது ரிமோட். ஆகவே இப்போது ஹாலில் இரண்டு ஃபேனுக்கும் தனித்தனி ரிமோட். பிரச்சினை ஒன்று தீர்ந்தது, தேட வேண்டிய ரிமோட் ஒன்று கூடியது.

தம்பி, கணக்குப் பார்த்தால் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. ரிமோட் மாடல் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். சுவர் ரெகுலேட்டரிலேயே ஓடுகிற பிஎல்டிசி இப்போது வருகிறது, அதைக் கேள். போர்டு தனியாக என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்கு. முழிப்பாரானால் அடுத்த கடைக்குப் போ. பழைய ஃபேன்களைக் காயலான் கடைக்குப் போடாதே. ஒன்றையாவது பரண்மேல் வை. போர்டு வருகிறவரைக்கும் மாட்டிக்கொள்ள ஆகும்.