செக்காலை ரோட்டு மாடியில் கார் இன்சூரன்ஸ்: மூன்று வருஷ அனுபவம்

நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். ஆனாலும் கார் இன்சூரன்ஸ் விஷயத்தில் 22,000 ரூபாய் தண்டம் கட்டிய பிறகுதான் எனக்குக் கணக்கே புரிந்தது. புரிய வைத்தவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் தம்பி. மூன்று வருஷமாக அவரிடம்தான் புதுப்பிக்கிறேன்.

முதலில் அந்தத் தண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்ன கார் வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். ஆர்சி புத்தகம் ஒழுங்காக என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ்? "இன்னும் எட்டு மாசம் இருக்கு டீச்சர், ஃபுல் கவர், கவலையை விடுங்க" என்றார் புரோக்கர். நானும் விட்டேன். இரண்டாவது மாசமே தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து, அதற்காக ஒடித்து, புளியமரத்தில் முட்டினோம். மாட்டுக்கு ஒன்றுமில்லை. கம்பெனியில் கிளெய்ம் கேட்டால், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ரிப்பேர் செலவு 22,000 ரூபாயும் என் தலையில்.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் பெயர் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும் சட்டப்படி தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் இந்த மாடி. முதல் நாள் அவர் எந்தக் கம்பெனி பெயரையும் எடுக்கவில்லை. என் பழைய பாலிசியை வாங்கி மேஜையில் விரித்து, பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "கோட்டுக்குக் கீழே இருக்கறது ஊருக்கு, மேலே இருக்கறது உங்களுக்கு" என்றார். கீழே தேர்ட் பார்ட்டி: நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. இது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி என்றால் 4,000. ஜெயிலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எங்கே போட்டாலும் ஒரே விலைதான். 1000 சிசிக்குள் இருக்கும் என் வண்டிக்கு 2,094 ரூபாய். இதில் தள்ளுபடி தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

மேலே இருப்பது ஓன் டேமேஜ்: நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கு. பேரமும் ஏமாற்றும் எல்லாம் இங்கேதான். போன மாசம் ஒரு பெண் போனில் கூப்பிட்டு, இவர் சொன்னதைவிட 900 ரூபாய் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். அந்த கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் விரலை வைத்தது ஐடிவியில். வண்டி திருடு போனாலோ மொத்தமாக நசுங்கினாலோ கிடைக்கும் தொகை அதுதான். இவர் போட்டது 2,40,000, அவள் போட்டது 1,80,000. 900 ரூபாய் மிச்சத்துக்கு 60,000 ரூபாய் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாள், மகராசி. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி நாமும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது என்பதால் இந்த விளையாட்டு நடக்கிறது.

ஆனால் நான் இந்த விமர்சனத்தை எழுதவே காரணம் ஒரு பம்பர். போன வருஷம் அண்ணன் மகன் ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் கோட்டையூர் வீட்டு முகப்புக் கல்தூணில் இடித்தான். தூணுக்கு ஒரு கீறல் இல்லை. பின் பம்பர் இரண்டாகப் பிளந்துவிட்டது. கிளெய்ம் போடலாம் என்று உடைந்த துண்டோடு போனால், "போடாதீங்க டீச்சர்" என்றார்.

கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார். பம்பர் 2,600, மாட்டும் கூலி 400. பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பர் என்பதால் வேறு செலவில்லை. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், ஆக 1,300. கூலியோடு 1,700. அதில் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 போனால் கைக்கு வருவது 700. அதை வாங்கினால், கிளெய்ம் போடாத வருஷங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். புதுப்பிக்கும்போது எனக்கு வர வேண்டியது 25 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000 என்றால் 1,000 ரூபாய். அதற்கடுத்த வருஷம் 35 வர வேண்டிய இடத்தில் மறுபடி 20. இப்படி 20, 25, 35, 45, 50 என்று ஏறும் படி அது. 700 வாங்க மேல்படியிலிருந்து குதிக்க வேண்டுமா?

கைக்காசு போட்டு மாற்றினேன். இந்த வருஷம் அந்த 25 சதவீதம் கழித்து, ஜிஎஸ்டியோடு 6,300 சொச்சம்தான் வந்தது. பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி விலையைக் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி கேட்டேன். என் வண்டி வயசுக்குக் கிடைக்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. போன வருஷம் பாலிசியில் என்ஜின் நம்பரில் ஒரு எண் தப்பு. நான்தான் கண்டுபிடித்தேன். திருத்தி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வண்டியை எடுக்கவில்லை. போனை எடுக்க மாட்டார். பதிலுக்கு ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வரும். மழைக்காலத்தில் ஒன்று வந்தது: தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் காசு வராது, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். விஷயம் உருப்படி. ஆனால் முதல் மூன்று நிமிஷம் இருமல்.

1937-லேயே சென்னையோடும் ரங்கூனோடும் சேர்த்து ஐஓபி வங்கி திறந்த ஊர் இது. வட்டியைப் பைசா பைசாவாகப் பார்க்கிற நாம், பாலிசியை மட்டும் பீரோவுக்குள் பிரிக்காமல் வைக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான்.

மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை பூட்டு. பாலிசி முடிந்த பிறகு போனால் வண்டியை நேரில் காட்ட வேண்டி வரும், 90 நாள் தாண்டினால் போனஸும் போய்விடும். முடிவதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள். படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொன்னால் போதும், கால்குலேட்டரோடு அவரே இறங்கி வந்துவிடுவார்.