பழைய சர்வரில் ஸென்: மெமரியும் நெட்வொர்க்கும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 8 ஜிபி மெமரி உள்ள பழைய சர்வரில் ஸென் ஓடுகிறது. ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள் அது. அதன்மேல் ஓடும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் ஒரு கெஸ்ட். சர்வரின் பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் வசதியே கிடையாது. கெஸ்டே ஒத்துழைக்கும் பாராவிர்ச்சுவல் (பிவி) முறைக்கு அது தேவையும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸென் உருவாகி 2003-ல் வெளிவந்தபோது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் எதிலுமே அந்த வசதி வந்திருக்கவில்லை.

இந்த முறையில், ஹைப்பர்வைசருக்கு மேல் ஓடுகிறோம் என்பது கெஸ்டின் கர்னலுக்கு, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குத் தெரியும். மெமரியில் எது எங்கே என்று காட்டும் பேஜ் டேபிளைத் திருத்த வேண்டுமானால், ஹைப்பர்கால் வழியாக ஸென்னிடம் கேட்கும். ஸென் சரிபார்த்த பிறகுதான் அது நடக்கும். ஒரு கெஸ்ட் இன்னொன்றின் மெமரியில் கைவைக்க வழியில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓடும்போதே கெஸ்டின் மெமரியைக் கூட்டிக் குறைக்கும் பலூன் டிரைவர். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருங்கினால் கணக்கு கெஸ்டுக்கு மெமரி போதாது. சோதனைக்கு வைத்திருக்கும் கெஸ்டின் அளவைக் குறைத்தால், அதனுள் பலூன் ஊதி, பேஜ்களை (மெமரித் துண்டுகளை) பிடித்து ஸென்னிடம் ஒப்படைத்துவிடும். அவற்றை அப்படியே கணக்கு கெஸ்டுக்குத் திருப்பிவிடுவேன். ரீஸ்டார்ட் இல்லை, பில் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. அருமையான வசதி! ஆனால் கெஸ்டுக்கு வைத்த உச்ச வரம்பான மேக்ஸ்மெம் அளவைத் தாண்ட முடியாது. கெஸ்டைத் தொடங்கும்போதே அதைக் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும். அதே சமயம் ஒரு கெஸ்டிடமிருந்து ஒரேயடியாகப் பிடுங்கினால் அதன் கர்னல் ஏதாவதொரு புராசஸைக் கொன்றுவிடும். மெமரி போதாதபோது கைகொடுக்க டிஸ்கில் ஸ்வாப் ஒதுக்கி வைப்பது நல்லது.

நெட்வொர்க்கும் இதே போக்கில்தான். கெஸ்டில் நெட்ஃபிரண்ட் டிரைவர், நிஜ ஹார்டுவேரைக் கையாளும் முதல் மெஷினான டொம்ஜீரோவில் நெட்பேக் டிரைவர், நடுவில் இரண்டும் பகிரும் மெமரி வரிசைகளான ரிங்குகள். தன் பேஜ்களில் எதை டொம்ஜீரோ தொடலாம் என்று கெஸ்டே கிராண்ட் டேபிள் என்ற அனுமதிப் பட்டியலில் குறித்துக் கொடுக்கிறது. நிஜ நெட்வொர்க் கார்டு இருப்பதுபோல மென்பொருளில் பாவனை (எமுலேஷன்) செய்வதைவிட இது எவ்வளவோ வேகம். குறை என்றால், எல்லாப் பாக்கெட்டும் டொம்ஜீரோ வழியாகத்தான் போகும். இரவு பேக்கப் ஓடும்போது அங்கே சிபியு ஏறிவிடுகிறது.

புது சர்வர் வாங்குபவர்கள் பிவி எடுக்க வேண்டாம். 64 பிட் பிவியில் கெஸ்ட் கர்னலும் சாதாரண புரோகிராம் போல யூசர் மோடில்தான் ஓடும், புரோகிராம் கர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு சிஸ்டம் காலும் ஸென் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்புறம் 2018-ல் மெல்ட்டவுன் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, இன்டெல் மெஷின்களில் அடிவாங்கியதும் இந்த 64 பிட் பிவிதான். பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பயன்படுத்தும் பிவிஎச் முறையை எடுங்கள். பேஜ் டேபிள் வேலையைப் பிராசஸரே பார்த்துக்கொள்ளும். நெட்ஃபிரண்டும் பலூனும் அப்படியே கிடைக்கும்.

எதை எடுத்தாலும் சரி, டொம்ஜீரோவுக்கு பூட்டிலேயே மெமரியை நிலையாக ஒதுக்கி, டொம்ஜீரோவின் மெமரியைத் தானாகவே குறைக்கும் ஆட்டோபலூனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது கெஸ்டைத் தொடங்கும்போதெல்லாம் டொம்ஜீரோவின் மெமரி குறைந்துகொண்டே போகும். நெட்பேக்கும் அங்கேதான் ஓடுகிறது.